மாத்திரையின் நிறம் ஏன் மாறியது? அரசு மருத்துவமனைக் கொள்முதல் பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். அரசு மருத்துவமனையில் உங்கள் அம்மா மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரை இந்த முறை வேறு நிறத்தில், வேறு கம்பெனி பெயரில் வந்திருக்கிறது, ஏன்? குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர் போகிறதென்றால் தரத்தை யார் பார்க்கிறார்கள்? போன மாதம் ஓர் ஊசியை மட்டும் வெளியில் வாங்கி வரச் சொன்னது எதனால்?

முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக் காலம் ஸ்டோரில்தான் போனது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1980களின் கடைசியில் நான் வேலையில் சேர்ந்தபோது மாத்திரைகள் டப்பாவில் உதிரியாக வரும். ஒரு டப்பாவில் 1000. கையால் எண்ணி, கிழித்த காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் இரும்புச்சத்து மாத்திரைகள் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நோயாளிகள் மிக்சர் வாங்க வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். அந்த மருந்தெல்லாம் எங்கிருந்து, என்ன விலைக்கு வந்தது என்பது ஸ்டோரில் இருந்த எங்களுக்கே தெளிவாகத் தெரியாது. வாங்குகிற அதிகாரம் பல இடங்களில் சிதறிக் கிடந்தது. தேவைப்பட்ட மருந்து இருக்காது; தேவையில்லாதது அலமாரி நிறைய இருக்கும். 90களின் தொடக்கத்தில் மருந்துக் கொள்முதலில் பெரிய முறைகேடு வெளியே வந்தது. அதன் பிறகுதான் அரசு இந்த ஏற்பாட்டையே மாற்றத் துணிந்தது.

1994 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவானது. முழுக்க முழுக்க அரசுக்குச் சொந்தமான நிறுவனம். 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. ஆர்.பூர்ணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி அதைக் கட்டி எழுப்பியவர். பின்னாளில் கேரளம், ராஜஸ்தான் உட்படப் பல மாநிலங்கள் இங்கே வந்து பார்த்துப் போய்த் தங்கள் கழகங்களை அமைத்தன. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியதற்கும் இந்த மாதிரிதான் அடித்தளம். எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இது இன்றைக்கும் பெருமையான விஷயம்.

இது எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். முதல் வேலை பட்டியல். சந்தையில் ஆயிரக்கணக்கான பிராண்டுகள் இருக்கின்றன. மருத்துவர்கள் குழு கூடி, பெரும்பாலான நோய்களுக்குப் போதுமான அத்தியாவசிய மருந்துகளை மூலப்பெயரில் பட்டியலிடுகிறது. ஏறத்தாழ முந்நூறு மருந்துகள். உங்கள் அம்மாவின் பிரஷர் மாத்திரை அம்லோடிபின் என்று வைத்துக்கொள்வோம். அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்றுதான் பட்டியலில் இருக்கும். எந்தக் கம்பெனியின் அம்லோடிபின் என்று இருக்காது. பட்டியல் சுருங்கினால் ஒவ்வொரு மருந்தின் அளவும் பெருகும், அளவு பெருகினால் விலை இறங்கும். இந்தக் கணக்கை 1971இலேயே செய்து காட்டியவர் இலங்கையின் பேராசிரியர் சேனக பிபிலே. அங்கே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் என்ற அரசு நிறுவனம் அமைந்து, இறக்குமதி செய்யும் மருந்துப் பட்டியலை வெட்டிச் சுருக்கி, மூலப்பெயரில் உலகளாவிய டெண்டர் விட்டார்கள். மூன்றாம் உலக நாடுகள் பலவற்றுக்கும் அவர்தான் வழிகாட்டி.

அடுத்தது டெண்டர். தமிழ்நாட்டில் இதற்கென்று 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. மருந்து டெண்டர் இரண்டு உறைகளில் நடக்கும். முதல் உறையில் கம்பெனியின் தகுதி: உற்பத்தி உரிமம், நல்ல உற்பத்தி முறைச் சான்று, குறைந்தபட்ச ஆண்டு விற்றுமுதல், அந்த மருந்தை எத்தனை வருஷமாகத் தயாரிக்கிறார்கள், வேறெங்காவது கறுப்புப் பட்டியலில் இருக்கிறார்களா என்பதெல்லாம். தொழிற்சாலைக்கே ஆய்வுக்குப் போவதும் உண்டு. இதில் தேறியவர்களுக்கு மட்டும்தான் இரண்டாவது உறை, அதாவது விலை உறை, பிரிக்கப்படும். நேரடி உற்பத்தியாளரும் நேரடி இறக்குமதியாளரும்தான் பங்குபெற முடியும். ஏஜென்டுக்கும் ஸ்டாக்கிஸ்டுக்கும் இடமில்லை.

குறைந்த விலை சொன்னவரை எல்-1 என்போம். அவரால் மாநிலம் முழுவதற்கும் தர முடியாது என்றால், அடுத்தடுத்த நிலையில் இருப்பவர்களை அழைத்து அதே விலைக்குத் தரச் சம்மதமா என்று கேட்பார்கள். சம்மதித்தவர்களுக்கும் ஆர்டர் பிரியும். ஒரே சமயத்தில் உங்கள் மாவட்டத்தில் ஒரு கம்பெனி மாத்திரையும் பக்கத்து மாவட்டத்தில் இன்னொரு கம்பெனி மாத்திரையும் இருப்பது இதனால்தான். டெண்டர் காலம் முடிந்து அடுத்த டெண்டர் வந்தால் கம்பெனியே மாறிவிடலாம். உங்கள் அம்மாவின் மாத்திரை நிறம் மாறியதற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்கும்.

தரக் கேள்விக்கு வருகிறேன். குறைந்த விலை என்றாலே தரம் குறைந்தது என்று நம் மனதில் பதிந்துவிட்டது. கடையில் வாங்கும் மாத்திரை விலையில் விளம்பரம், பிரதிநிதிகளின் சம்பளம், மொத்த வியாபாரியின் லாபம், சில்லறைக் கடையின் லாபம் எல்லாம் அடக்கம். தொழிற்சாலையிலிருந்து நேராகக் கிடங்குக்கு, கோடிக்கணக்கில் மாத்திரை வாங்கும்போது இவை எதுவும் கிடையாது. விலை இறங்குவதில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று நான் சொல்லமாட்டேன். நம்பிக்கை வர வேண்டிய இடம் பரிசோதனை.

1986 ஜனவரி, பிப்ரவரியில் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் இறந்தார்கள். மூளை அழுத்தம் குறையவும் கண் அழுத்தம் குறையவும் கொடுக்கிற கிளிசரினில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்தது. நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்தபோது, மருத்துவமனையின் கொள்முதலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் எவ்வளவு சீரழிந்து கிடந்தன என்பது பக்கம் பக்கமாக வெளியே வந்தது. வார்டுக்குப் போகும் முன் ஒரே ஒரு பாட்டிலை ஒழுங்காகச் சோதித்திருந்தால் அந்த 14 பேரும் பிழைத்திருப்பார்கள். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கதைகளில் என்னை அதிகம் பாதித்தது இதுதான்.

இங்கே ஒவ்வொரு பேட்ச்சும், அதாவது ஒரே தடவையில் தயாரான ஒவ்வொரு தொகுதியும், சோதனைக்குப் போகிறது. லாரி மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் சரக்கைத் தனியாக ஒதுக்கி வைப்பார்கள். அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கே கம்பெனி பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண் போட்டு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் ஒன்றுக்குப் போகும். எந்தக் கம்பெனியின் மருந்தைச் சோதிக்கிறோம் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது. எந்த ஆய்வகத்துக்குப் போகிறது என்பது கம்பெனிக்குத் தெரியாது. முடிவு சரியாக வந்தால்தான் சரக்கு மருத்துவமனைக்குப் போகும், கம்பெனிக்குப் பணமும் போகும். தவறினால் அந்த பேட்ச் திரும்பிப் போகும். அடுத்தடுத்துத் தவறினால் கறுப்புப் பட்டியல். தெருமுனைக் கடையில் நீங்கள் வாங்கும் ஸ்ட்ரிப்பின் பேட்ச்சை, வாங்குகிறவர் பக்கத்திலிருந்து யாரும் இப்படிச் சோதிப்பதில்லை. மருந்து ஆய்வாளர் எப்போதாவது மாதிரி எடுத்தால்தான் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. ஆய்வக முடிவு தாமதமானால் கிடங்கில் சரக்கு இருந்தும் கையில் கொடுக்க முடியாது. சோதனையில் தேறிய மருந்துகூட, ஏ.சி. இல்லாத ஸ்டோரில் சித்திரை வெயிலில் கிடந்தால் கெடும். 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இன்சுலினுக்கும் ஆக்சிடோசினுக்கும் மின்வெட்டு பெரிய எதிரி. பல மாநிலங்களில் தணிக்கைத் துறை, ஆய்வு முடிவு வருவதற்குள் மருந்து விநியோகமாகிவிட்டதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறது. விதி சரியாக இருந்தால் போதாது, தினமும் அதைச் செய்ய ஆள் வேண்டும்.

பாஸ்புக் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னைக் கேட்டால் இந்த முறையின் உயிரே அதுதான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இத்தனை ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கீடு உண்டு. பணமாக அது மருத்துவமனைக்கு வராது, கழகத்திடம்தான் இருக்கும். எங்களிடம் இருப்பது ஒரு புத்தகம். கிடங்குக்குப் போய் மருந்து எடுக்கும்போது அதன் மதிப்பை அதில் கழிப்பார்கள், வங்கிப் பாஸ்புக்கில் வரவு செலவு எழுதுவதுபோல. இப்போது எல்லாம் கணினியில் ஏறிவிட்டது, ஆனாலும் பாஸ்புக் என்ற பேச்சு போகவில்லை. ஒதுக்கீட்டுக்குள் எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பது எங்கள் முடிவு. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒன்று தேவை, தாலுகா மருத்துவமனைக்கு வேறொன்று தேவை. பணத்தைத் தொடாமல் தேவையை மட்டும் தீர்மானிக்கிற உரிமை இது. மருந்து எழுதும் டாக்டரும் மருந்து விற்கும் கம்பெனியும் ஒரே அறையில் உட்கார வேண்டிய அவசியமே இல்லாமல் போனது இதனால்தான்.

கிடங்குக்குப் போகும் நாள் எப்படி இருக்கும் தெரியுமா? காலையில் ஸ்டாக் லெட்ஜரைப் பார்த்து எழுதிய இண்டென்டோடு, அதாவது தேவைப் பட்டியலோடு, வேனில் கிளம்புவோம். கிடங்கு வாசலில் நாலைந்து மருத்துவமனை வண்டிகள் ஏற்கெனவே நிற்கும். பெட்டி பெட்டியாக இறங்கும்போது மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண், காலாவதித் தேதி நான்கையும் வாய்விட்டுப் படிப்போம், ஒருவர் டிக் அடிப்பார். காலாவதி முன்னால் வருவது முன்னால் வெளியே போக வேண்டும். அதனால் ஸ்டோருக்கு வந்ததும் பழைய பெட்டிகளை முன்னே இழுத்து, புதியதைப் பின்னே அடுக்க வேண்டும். ஒரு பெட்டி சலைன் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் கனம் புரியும். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பின் பின்னாலும் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்ற பொருளில் அச்சிட்டிருக்கும். உதிரி மாத்திரை போய் ஸ்ட்ரிப் வந்ததும், அதில் இந்த வரி ஏறியதும், மருந்து பின்வாசல் வழியாக வெளிக்கடைக்குப் போவதைப் பெருமளவு தடுத்தன.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. ஊசி ஏன் இல்லை?

பெரும்பாலும் பதில் டெண்டரில் இருக்காது, இண்டென்டில் இருக்கும். அடுத்த வருஷம் எவ்வளவு தேவை என்று ஒவ்வொரு மருத்துவமனையும் கணக்கு அனுப்ப வேண்டும். மாநிலம் முழுவதன் கணக்கையும் கூட்டித்தான் டெண்டர் அளவு முடிவாகிறது. பல இடங்களில் இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? போன வருஷம் செலவானதை எடுத்து, பத்து சதவீதம் கூட்டி அனுப்பிவிடுகிறார்கள். போன வருஷம் இரண்டு மாதம் ஸ்டாக்கே இல்லாமல் இருந்திருந்தால், செலவு குறைவாகத்தான் காட்டும். அந்தக் குறைந்த எண்ணை வைத்து இந்த வருஷமும் குறைவாகக் கேட்போம், திரும்பவும் தட்டுப்பாடு வரும். ஸ்டாக் இல்லாத நாட்களைக் கழித்துவிட்டு, இருந்த நாட்களின் சராசரியை எடுத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு பக்கத்தில் முடிகிற கணக்கு. அதைச் செய்யாததால் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது.

பாம்புக்கடி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான நஞ்சு நம்மூரிலிருந்தே போகிறது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சை வாங்கித்தான் மருந்து நிறுவனங்கள் எதிர்மருந்து தயாரிக்கின்றன. குதிரைக்கு நஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருப்பதால், ஆர்டர் கொடுத்த மறுவாரம் கிடைக்கிற சரக்கு இல்லை அது. செலவோ சீராக இருக்காது. மழை தொடங்கி வயல் வேலை மும்முரமானால் ஒரே வாரத்தில் ஐந்தாறு பேர் வருவார்கள். ஒருவருக்கே பத்துக் குப்பி, இருபது குப்பி மருந்து என்று ஆகும். பிறகு இரண்டு மாதம் ஒன்றும் இருக்காது. இதற்கு வருஷ சராசரி எடுத்தால் ஆள் செத்துவிடுவார். அதனால் ஸ்டோரில் மருந்துகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்லித் தருவார்கள்: இல்லாவிட்டால் உயிர் போகும் மருந்து, அவசியமான மருந்து, இருந்தால் நல்லது என்கிற மருந்து. முதல் வகை ஒருநாளும் பூஜ்யத்துக்கு வரக் கூடாது. ஒன்றிரண்டு காலாவதியாகி வீணானாலும் பரவாயில்லை. தணிக்கையில் கேட்டால் எழுத்தில் விளக்கம் கொடுக்கலாம். நான் கொடுத்திருக்கிறேன்.

புதிய திட்டங்கள் வரும்போதும் கணக்கு புரளும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, வீட்டுக்கே போய் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். அதுவரை மருத்துவமனைக்கே வராதவர்கள் கணக்கில் வந்தார்கள். மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் பழைய வேகத்தில் வாங்கினால் எப்படிப் போதும்?

ஒதுக்கீட்டில் பெரும்பகுதி, ஏறத்தாழ 90 சதவீதம், கழகத்தின் வழியாகத்தான். மீதியை மருத்துவமனை நேரடியாக வாங்கலாம். லோக்கல் பர்ச்சேஸ் என்போம். பட்டியலில் இல்லாத மருந்து, கிடங்கில் இல்லை என்று எழுத்தில் சொல்லப்பட்ட மருந்து, அவசரத் தேவை ஆகியவற்றுக்காக. விலைப்புள்ளி கேட்டு, ஒப்பிட்டு, கண்காணிப்பாளர் ஒப்புதலோடு வாங்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை செய்ததற்கு வரும் தொகையிலிருந்தும், நோயாளிகள் நலச் சங்க நிதியிலிருந்தும் வாங்க வழி உண்டு. ஆக, ஓர் ஊசி இல்லையென்றால் உங்களை வெளியே அனுப்பாமல் மருத்துவமனையே வாங்கிக் கொடுக்கப் பெரும்பாலும் வழி இருக்கிறது. பல இடங்களில் செய்கிறார்கள். கையெழுத்துப் போட யோசிப்பவர்கள் இருக்கும் இடத்தில் அந்தச் சுமை நோயாளியின் தலையில் விழுகிறது. இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பட்டியலில் அதே வேலையைச் செய்யும் மருந்து இருக்கும்போதே, சில டாக்டர்கள் பழக்கத்தால் வெளி பிராண்டை எழுதுவதும் உண்டு. அடுத்த முறை சீட்டை மருந்தகத்தில் காட்டி, “இதுக்குப் பதிலா இங்கேயே ஏதாவது இருக்கா?” என்று கேளுங்கள். மருந்தாளுநர் டாக்டரிடம் பேசி மாற்ற முடியும்.

அவசரக் கொள்முதல் என்பது கத்தி மாதிரி. பேரிடர், கொள்ளைநோய்க் காலங்களில் டெண்டர் இல்லாமல் வாங்கச் சட்டமே இடம் தருகிறது. 2021 கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு முப்பது நாள் டெண்டர் அறிவிப்பு கொடுத்துக் காத்திருக்க முடியுமா? ஆனால் அந்தக் கதவு திறந்தே கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். பொருளாதார நெருக்கடிக்குப் பிந்தைய மருந்துத் தட்டுப்பாட்டில் அவசரக் கொள்முதல் வழியாகத் தரமற்ற இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசிமருந்து 2023இல் அரசு மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. முன்பு சுகாதார அமைச்சராக இருந்தவர் அந்த வழக்கில் 2024 பிப்ரவரியில் கைதானார். பிபிலே பிறந்த நாட்டில் இது நடந்ததைப் படித்தபோது தாங்க முடியவில்லை.

பணம் கொடுப்பதும் கொள்முதலின் ஒரு பகுதிதான் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 2017 ஆகஸ்டில் கோரக்பூர் பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திரவ ஆக்சிஜன் விநியோகம் தடைப்பட்ட நாட்களில் பல குழந்தைகள் இறந்தார்கள். மரணங்களுக்கு ஆக்சிஜன் தட்டுப்பாடு காரணமல்ல என்று அந்த மாநில அரசு சொன்னது. ஆனால் பெரிய தொகை பாக்கி நின்றதும், அதைக் கேட்டு சப்ளையர் திரும்பத் திரும்ப எழுதியதும் பதிவில் இருக்கின்றன. சரியாகப் பணம் வராத இடத்தில் நல்ல கம்பெனிகள் அடுத்த டெண்டருக்கு வரமாட்டார்கள். வருகிறவர்களும் தாமதத்துக்கான வட்டியை விலையில் ஏற்றித்தான் சொல்வார்கள். சோதனையில் தேறியதும் பணம் வரும் என்ற நம்பிக்கையும் இங்கே விலை குறைந்ததற்கு ஒரு காரணம்.

மையக் கொள்முதல் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. மகாராஷ்டிரத்தில் 2017இல் மொத்தக் கொள்முதலையும் ஹாஃப்கின் என்ற அரசு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். தடுப்பூசி தயாரிப்பில் நூற்றாண்டு அனுபவம் உள்ள நிறுவனம். ஆனால் வாங்குவது வேறு தொழில். ஆர்டர்கள் தேங்கின, மருத்துவமனைகள் தவித்தன. கடைசியில் 2023இல் தனிச் சட்டம் போட்டுக் கொள்முதலுக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தார்கள். கிடங்கு, வண்டி, சோதனை, கணக்கு, இவற்றுக்கான ஆட்கள் எல்லாம் சேர்ந்துதான் கொள்முதல்.

கருவிகள் விஷயம் மருந்தைவிடச் சிக்கல். மாத்திரையை வாங்கினால் அன்றோடு வேலை முடிகிறது. கருவியை வாங்கினால் அன்றுதான் தொடங்குகிறது. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்கு மார்ச் கடைசி வாரத்தில் ஒரு பெரிய ஆட்டோகிளேவ், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம், வந்தது. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று அவசரமாக வாங்கியது. வைக்கும் அறைக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் கிடையாது. பொதுப்பணித் துறைக்கு எழுதி, மதிப்பீடு வந்து, ஒப்புதலாகி, லைன் இழுக்கும்வரை ஏழு மாதம் அது மரப்பெட்டிக்குள்ளேயே நின்றது. வாரன்டி டெலிவரி தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் பழைய ஆட்டோகிளேவின் கேஸ்கெட்டைத் துணி சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். வாரன்டி நிறுவிய தேதியிலிருந்து தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

கருவிகளில் இன்னொரு பொறியும் உண்டு. ரத்தப் பரிசோதனை அனலைசரை மிக மலிவாகத் தருவார்கள். அதற்கு அவர்களுடைய ரீஜென்ட், அதாவது சோதனைக்கான ரசாயனம், மட்டும்தான் ஓடும் என்பது பிறகு தெரியும். ஐந்து வருஷ ரீஜென்ட் செலவு கருவி விலையைப் போலப் பல மடங்கு வரும். அதனால் கருவி, ரீஜென்ட், ஐந்து வருஷப் பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு டெஸ்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று விலை கேட்பதுதான் சரி. பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், வராவிட்டால் எவ்வளவு பிடித்தம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். தேசிய சுகாதார இயக்கம் 2015இல் கொண்டுவந்த கருவிப் பராமரிப்புத் திட்டம், மாவட்ட மருத்துவமனைக் கருவிகள் 95 சதவீத நேரம் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அதற்கு முன் கருவி நின்றால் யாரைக் கேட்பது என்றே பல இடங்களில் தெரியாது.

மருந்தைச் சோதிக்கலாம், கருவியை ஓட்டிப் பார்க்கலாம். துப்புரவு, காவல், சலவை, நோயாளி உணவு, மருத்துவக் கழிவு அகற்றல் போன்ற சேவைகளை எதை வைத்து அளப்பது? எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். துப்புரவு ஒப்பந்தத்தில் செலவு என்பது ஏறக்குறைய முழுவதும் கூலிதான். அங்கே எல்-1 என்று விலையை இறக்கினால், இறங்குவது துப்புரவு வேலை செய்யும் பெண்களின் சம்பளம். காகிதத்தில் நாற்பது பேர், வார்டில் முப்பது பேர். பி.எஃப். பிடித்த கணக்கு இருக்கும், கட்டிய ரசீது இருக்காது. மருந்துக்குப் பொருந்தும் குறைந்த விலை விதி இதற்குப் பொருந்தாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் யாரும் குறைக்க முடியாத நிலையான தொகையாக இருக்க வேண்டும். போட்டி நிர்வாகக் கட்டணத்தில் மட்டும் இருக்கட்டும். சம்பளம் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் ஏறியதற்கான அத்தாட்சி இல்லாமல் பில் பாஸாகக் கூடாது. வார்டு சுத்தமாக இருந்தது என்று கையெழுத்துப் போடுவது அலுவலகத்தில் இருப்பவராக இல்லாமல் அந்த வார்டின் செவிலியராக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் தூய்மைக்காக 2015இல் தொடங்கிய காயகல்ப் விருதுக்குத் தயாரான மருத்துவமனைகளில், எந்தக் கழிவறையை ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவ வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கதவில் ஒட்டி, கழுவிய நேரத்தைக் குறிக்க வைத்தார்கள். சேவையை அளப்பது முடியாத காரியம் இல்லை என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

மருத்துவக் கழிவுக்கு மட்டும் அளவுகோல் தெளிவாக இருக்கிறது. 2016 விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து, பார்கோடு ஒட்டி, சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வண்டி வரவில்லை என்றால் அன்றே தெரிந்துவிடும். மூடி வைத்தாலும் வாசம் வரும்.

இவ்வளவையும் சொன்னது உங்கள் அம்மாவின் கையில் இருக்கும் அந்த ஸ்ட்ரிப்புக்காக. அதைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி பெயர் மாறியிருக்கும், நிறம் மாறியிருக்கும். அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்ற வரி மாறாமல் இருந்தால் மருந்து அதேதான். அம்மாவுக்கு எழுத்துப் படிக்க வராது என்றால், பழைய ஸ்ட்ரிப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றே என்று நிதானமாகக் காட்டிச் சொல்லுங்கள். நிறம் மாறியதால் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு, பக்கவாதத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழையதும் புதியதும் வேறு வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டு மயங்கி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மில்லிகிராம் எண் மாறியிருந்தால் மட்டும் உடனே மருந்தாளுநரிடம் கேளுங்கள், 2.5 வந்திருந்தால் இரண்டு மாத்திரை போட வேண்டியிருக்கும், அதை அவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை பொடிந்தோ ஈரம் கோத்தோ இருந்தால் தூக்கிப் போடாமல் ஸ்ட்ரிப்போடு கொண்டுபோய்க் கொடுங்கள். பேட்ச் எண் இருக்கும் ஓரத்தைக் கிழிக்காமல் வைத்திருங்கள். அந்த எண்ணை எழுதி மருத்துவமனை தகவல் சொன்னால்தான் மற்ற இடங்களிலும் அந்தப் பேட்ச்சை நிறுத்தி மறுசோதனைக்கு அனுப்புவார்கள். மருந்தகத்தில் சரியான பதில் கிடைக்கவில்லை என்றால் 104 என்ற அரசின் சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து மருத்துவமனையின் பெயரையும் மருந்தின் பெயரையும் சொல்லுங்கள்.